ஒரு பை ஒயில் மண்

என்னுடைய பிக்கப்புக்கும் என்னைப் போலவே வாயில் பூட்டில்லை. எங்கே நிறுத்தினாலும் அடியில் கறுப்பாக நாலைந்து சொட்டு வைத்துவிட்டுத்தான் நகரும். என்னைக் கண்டதும் கடைக்காரர்கள் தயிரை இறக்கமுன், வாகனத்துக்கு அடியில் விரிக்கப் பழைய பெட்டி மட்டையைத் தேடி ஓடுவார்கள். துறைமுகப் பக்கத்தில் ஒரு பல் வைத்தியர், தன் வாசலில் புதிதாகப் பதித்த கல்லைக் காட்டி, "ஐயா, பல்லை அடைக்கிற மாதிரி உங்கட வாகனத்தையும் எங்கயாவது அடைக்கேலாதோ?" என்று கேட்டார். நல்ல பகிடி. அடுத்த ஒரு கிழமை அதை என் சொந்தப் பகிடியாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தொழில் தயிர். விடியமுன்னம் பாலங்களைக் கடந்து மூதூர்ப் பக்கம் போய், எருமைத் தயிர்ச் சட்டிகளை ஏற்றி, சட்டிக்கும் சட்டிக்கும் நடுவில் வைக்கோலைத் திணித்து, வெயில் ஏறமுன் திருகோணமலைக் கடைகளில் இறக்கிவிட வேண்டும். வழியில் நான் உடைத்த சட்டிகளைவிட வாயால் உடைத்தவை கூட என்று மனைவி சொல்லுவாள். அவள் கணக்கில் பிழை பிடிக்க முடியாது.

அன்றைக்குத் தயிர் ஓட்டம் இல்லை. காலையில் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் நுனிகூட நனையவில்லை. இனியும் சிரித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் இறுகிப்போகும் என்று பயந்து, பிரிட்ஜ் வந்த பெரிய மட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து, வாகனத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். என் நெற்றியில் சொட்டிய ஒயிலை வைத்து ஒழுக்கைக் கண்டுபிடிக்கலாம் என்பது என் திட்டம்.

அப்போது முற்றத்தில் ஒரு சோடிச் செருப்பு வந்து நின்றது. வாகனத்துக்கு அடியில் கிடப்பவனுக்கு உலகம் கணுக்கால் உயரம்தான். இடது காலின் சின்னவிரல் செருப்பை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அது எங்கள் அப்பாவின் விரல். எனக்கும் இருக்கிறது. இந்த உலகத்தில் இன்னும் ஓர் ஆளுக்குத்தான் இருக்கிறது.

"அண்ணை நிக்கிறாரோ?" என்று என் தம்பியின் குரல் கேட்டது.

"நிக்கேல்ல, கிடக்கிறார்," என்றாள் என் மனைவி. "வெளிய வரச் சொல்லட்டோ, இல்லாட்டி நீங்களும் பக்கத்தில படுக்கிறியளோ தம்பி?"

அவள் குரல் பகிடிதான். ஆனால் தம்பி எங்கள் வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருடமாகியிருந்தது.

அதற்குக் காரணம் ஒரு மைக். சபையில் மைக் கிடைத்தால் என் கை தானாக நீளும். தம்பியின் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில், பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அது யாருமில்லாமல் கிடந்தது. எடுத்தேன். சண்டை நேரம் சம்பூரில் இருந்து எல்லாரும் இடம்பெயர்ந்து ஓடிய நாளைப் பற்றிச் சொன்னேன். "சனமெல்லாம் பிள்ளையைத் தூக்கினது, மூட்டையைத் தூக்கினது. என்ர தம்பி மட்டும் சுவர் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவன். ஏனெண்டால் அகதி முகாமுக்கு நேரம் பிந்திப் போகக்கூடாதெல்லோ."

சபை சிரித்தது. தம்பியின் மனைவி எழுந்து உள்ளே போனாள்.

அந்த மணிக்கூட்டை வாங்கியவர் அவளுடைய அண்ணன். முதற் சம்பளத்தில் தாய்க்கு வாங்கிக் கொடுத்தது. இடப்பெயர்வுக்கு முன்பே, ஒரு விடியற்காலையில் ஒரு வாகனம் வந்து வாசலில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு போனது. யார் என்று இன்றுவரை தெரியாது. அவர் திரும்பவில்லை. ஓடும்போது அந்தத் தாய் மணிக்கூட்டை விட்டு அசையமாட்டேன் என்று நின்றதால்தான் தம்பி அதைத் தோளில் வைத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். மைக் கையில் இருக்கும்போது தெரிந்ததெல்லாம் எந்த மூலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறதோ, அதுதான் தெரியாது.

அன்றிலிருந்து தம்பி என்னோடு கதையில்லை. இப்போது முற்றத்தில் நிற்கிறான், கையில் ஒரு ஷொப்பிங் பையுடன். நான் ஊர்ந்து வெளியே வந்தேன். நெற்றியில் ஒயில்.

"அண்ணை, உங்களுக்கு வாகனங்கள் தெரியும்," என்றான். முன்பெல்லாம் நீ, வா, போ என்று கதைப்பவன். "இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

பையை விரித்துக் காட்டினான். உள்ளே மணல். கறுப்பாக ஒயில் ஊறி, கட்டி கட்டியாகக் கிடந்தது.

"எங்கட கேற்றடியில அள்ளினது. விடியக்காலமை ஒரு வாகனம் வந்து நிக்குது. லைட்டை நூத்துப்போட்டு, எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக்கொண்டு நிப்பாங்கள். ஒருத்தரும் இறங்கிறதில்லை. கொஞ்ச நேரத்தில போயிடும்."

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன். என் வாய் எப்போதும் என்னைக் கேளாமலே வேலை செய்யும்.

"மாரி முடிஞ்சாப் பிறகு. ஒவ்வொரு நாளும் எண்டில்லை. ஆனா வரும்."

"நீ வெளிய வந்து பாக்கேல்லையோ?"

"போக வெளிக்கிட்டனான். அவள் கையைப் பிடிச்சவள், விடேல்ல. 'என்ர அண்ணாவும் ஆரெண்டு பாக்கத்தான் போனவர்' எண்டாள்."

என் மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் இருக்கவில்லை.

"பிள்ளையைக் காலமை வகுப்புக்கு விடுறாளில்லை. வீட்டைப் பூட்டிப்போட்டு மட்டக்களப்பில தமக்கை வீட்டோட போயிருப்பம் எண்டு நிக்கிறாள். உடுப்பெல்லாம் கட்டி வைச்சிட்டாள். எவ்வளவு காலம் முகாமில கிடந்து திரும்பி வந்த காணி அது. அதை விட்டிட்டுப் போறதோ, அண்ணை?"

அந்த வாகனம் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அவன் ஒரு கையை அதன் முன்மூடியில் ஊன்றிக்கொண்டுதான் இதைச் சொன்னான்.

தம்பியின் சம்பூர் வீடு என் தயிர் வழியில் இல்லை. மூதூரில் இருந்து வேண்டுமென்று திரும்பித்தான் போக வேண்டும். மன்னிப்புக் கேட்கத்தான் போவேன். வேலிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். யாரும் கண்டுவிடக் கூடாதே என்று லைட்டை அணைப்பேன். எஞ்சினை அணைத்தால் பழைய பற்றறி திரும்ப எழும்பாது, அதனால் அதை ஓடவிடுவேன். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். இறங்கி என்ன சொல்வது என்று யோசிப்பேன். நல்ல தொடக்கம் ஒன்று வரும், ஆனால் அது பகிடியாக இருக்கும். அதை விழுங்கிவிட்டு இன்னொன்றைத் தேடுவேன். அதற்குள் மணிக்கூடு அடிக்கும். அந்த மணிக்கூடு. கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நான் அங்கே நின்றதெல்லாம் என் வெட்கத்துக்கு என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒருத்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"என்ன வாகனமெண்டு சொல்லேலுமோ?" என்று தம்பி கேட்டான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பைக்குள் கையை விட்டு மணலை விரலில் தேய்த்தேன். முகர்ந்து பார்த்தேன். கண்ணைச் சுருக்கினேன். இவ்வளவு நடிப்பும் எனக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

"டீசல் எஞ்சின்," என்றேன். "பழசு. ஒழுங்கா ஒயில் மாத்தாத ஆள். மண் ஏத்திற லொறியா இருக்கும். டிரைவர் நித்திரை கொள்ள நிப்பாட்டியிருப்பான்."

"லொறியோ?"

"ஓம், லொறிதான்."

மணலுக்குள் இரண்டு மூன்று வைக்கோல் துண்டுகள் கிடந்தன. பையை அவசரமாக மடித்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக் கதிரையில் வைத்தான். பிறகு குனிந்து, மட்டையில் விழுந்திருந்த சொட்டுகளைப் பார்த்தான்.

"இதுக்கும் ஒழுக்கோ?"

"ஏதோ கொஞ்சம்."

"எங்கயால?"

"பின்னால, கியர்பொக்ஸ் சேருற இடத்தில சொட்டுது. உள் சீல் பழுதாப் போச்செண்டு நினைக்கிறன். எஞ்சினை இறக்கவேணும்."

"சொட்டுற இடத்தை நம்பேலாது. ஓடேக்க காத்து எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளும். கழுவிப்போட்டுப் பாப்பம்," என்று சட்டைக் கையை மடித்தான். வயலில் தன் உழவு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவன். ஒழுகும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவனால் ஏலாது.

இன்றைக்கே ஒழுக்கை நிறுத்திவிட்டால், இனி அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிட்டால், எல்லாம் தானாக மறைந்துவிடும் என்று என் மூளை கணக்குப் போட்டது. சாட்சியை அழிக்க சாட்சிக்காரனையே உதவிக்கு வைத்துக்கொண்டேன்.

மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் தூரிகையுமாக இரண்டு பேரும் எஞ்சினைத் தேய்த்தோம். தயிர் வியாபாரத்தின் தூசியெல்லாம் கரைந்து ஓடியது. துணியால் ஒற்றிக் காய விட்டோம்.

"இனி மாப்பவுடர் மாதிரி ஏதாவது தூவவேணும்," என்றான் தம்பி. "ஸ்டார்ட் பண்ணினா ஒயில் வாற பாதை நனைஞ்சு தெரியும்."

மனைவியிடம் முகப்பவுடர் கேட்டேன். அடுத்த கிழமைக் கலியாண வீட்டுக்கு வைத்திருப்பது, தரமாட்டேன் என்றாள். குசினிக்குள் கோதுமை மாவில் கை வைத்தேன், அதற்கும் சத்தம் வந்தது. கடைசியில் சாமி அறைக்குள் போய்த் திருநீற்றுப் பேணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி பேணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பூசு. அப்பிடியே ஒரு சந்தனப் பொட்டும் வை."

எஞ்சின் முழுக்க நன்றாகவே தூவினேன். ஸ்டார்ட் பண்ணிவிட்டு இரண்டு பேரும் தலையை உள்ளே நீட்டினோம். முன்னால் ஒரு காற்றாடி சுழலும் என்பதை நான் மறந்துபோனேன். ஒரே ஊதலில் பாதித் திருநீறு எங்கள் இருவரின் முகத்திலும் அப்பிக்கொண்டது. கண் இமையிலும் மீசையிலும் வெள்ளை.

என் மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். "எப்ப காவடி?" என்றாள்.

தம்பி சிரித்துவிட்டான். தும்மித் தும்மிச் சிரித்தான். எவ்வளவோ காலம் கேட்க ஏங்கிய சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் இந்தச் சிரிப்பை நான் பொய் சொல்லி வாங்கியிருந்தேன்.

மிஞ்சியிருந்த சாம்பலில் பாதை தெரியத் தொடங்கியது. பின்னால் சீலில் ஒன்றுமில்லை. எஞ்சினின் உச்சியில், மேல்மூடியின் பின்மூலையில் இருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி, வளைந்து, கியர்பொக்ஸ் பக்கமாக வழிந்து வந்தது.

"மூடிக்குப் போட்ட வளையம் புதுசுதானே?" என்றான்.

"இப்பதான் மாத்தினது."

"அப்ப ஏன் கக்குது?" எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து புகையோடு ஒரு பெருமூச்சு வந்தது. கறுப்புக் கோட்டின் ஓட்டம் அப்படியே தளர்ந்தது. "உள்ளுக்குக் காத்து அமுங்கிக் கிடக்கு. இது மூச்சு விடுற குழாய் எங்க?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒயில் ஒழுகத் தொடங்கமுன், ஒரு கடைக்கார அம்மா தயிர் புகை மணக்குது என்று சட்டிகளைத் திருப்பி அனுப்பினார். எஞ்சினின் ஆவி வெளியேறும் குழாய்தான் மணத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்து, அதன் வாயை நானே அடைத்துவிட்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தம்பி குழாயின் நுனியைத் தேடிப் பிடித்தான். உள்ளே இரண்டு விரலை விட்டு இழுத்தான். நான் உடுத்துக் கிழிந்த நீலச் சாரத்தின் துண்டு நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"ஆர் அடைச்சது?"

"நான்தான். தயிர் மணக்குதெண்டு."

"மணம் போச்சோ?"

"மணம் போச்சு. ஒயில் வந்தது."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அந்தத் துணியை மடித்துப் பிழிந்தான். எனக்கு அந்த இடத்தில் இரண்டு பகிடிகள் வந்தன. இரண்டும் நல்லவை. கதிரையில் இருந்த பையைப் பார்த்தேன். மட்டக்களப்புக்குக் கட்டி வைத்த உடுப்புகளை நினைத்தேன்.

"உன்ர கேற்றடியில நிண்டது நான்," என்றேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எட்டி அதை அணைத்தான்.

"தெரியும்," என்றான். "பைக்குள்ள வைக்கோல் கிடக்கு. ஆள் பிடிக்க வாறவன் வைக்கோல் ஏத்திக்கொண்டு வருவானோ?"

"அப்ப ஏன் கேட்டனீ?"

"நீ சொல்லுவாய் எண்டு கேட்டனான். நீ லொறி எண்டாய்."

வாகனத்துக்கு அடியில் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

"அவளுக்குச் சொன்னனான், இது அண்ணையா இருக்கும் எண்டு," என்றான் பிறகு. "அவள் நம்பேல்ல. 'உங்கட அண்ணன் வந்தால் ஹோர்ன் அடிச்சு ஊரையே எழுப்புவார். சத்தமில்லாம இருந்திட்டுப் போற ஆளோ அவர்' எண்டாள். ஏன் நீ இறங்கி வரேல்ல?"

"என்ன சொல்லிறதெண்டு தெரியேல்ல."

"உனக்கோ?"

"எனக்குத்தான்."

அவன் முகத்துத் திருநீற்றைத் துடைத்தான். "நீயே வந்து சொல்லவேணும். நான் சொன்னால் உன்னைக் காப்பாத்தக் கதை கட்டிறன் எண்டு நினைப்பாள்."

குழாயைத் தயிர்ப் பக்கம் புகை வராதபடி கீழே திருப்பிக் கட்டினோம். எஞ்சினுக்கு ஒயில் ஊற்றினோம். முகம் கழுவியும் காதோரம் சாம்பல் போகவில்லை. பாலங்களைத் தாண்டினோம், கிண்ணியா போனது, மூதூர் போனது. நான் வாய் திறக்கவில்லை. திரும்பும் இடத்தில் தம்பி, "இந்த வளைவு உனக்கு நல்லாப் பழக்கம் போல," என்றான். நான் கியரை மாற்றி வளைவைத் திருப்பினேன்.

நல்ல வெயிலில் அந்த வேலியை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கேற்றுக்குப் பக்கத்தில் மணலில் ஒரு கறுப்பு வட்டம். தம்பி அள்ளிய இடம் குழியாக இருந்தது.

"ஹோர்னை அடி," என்றான்.

அடித்தேன். அவள் வெளியே வந்தாள். கேற்றைத் திறக்கவில்லை. முதலில் வாகனத்தைப் பார்த்தாள், பிறகு அதன் அடியைப் பார்த்தாள், பிறகுதான் என்னை.

நான் இறங்கினேன். "அது நான்தான் பிள்ளை," என்றேன். "மணிக்கூட்டைப் பற்றி அப்பிடிக் கதைச்சதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான். ஒவ்வொரு முறையும் அதுக்குத்தான் வந்தனான். இறங்க வெக்கமாயிருந்தது."

"லைட்டை ஏன் நூத்தனீங்கள்?"

"நீங்கள் கண்டிடுவியள் எண்டு."

"நாங்கள் காணேல்லத்தான்," என்றாள். "அதாலதானே பயந்தனாங்கள்."

உள்ளே போய்விட்டாள். திறந்த கதவுக்குள்ளால் சுவரோரம் அடுக்கிய பைகள் தெரிந்தன. அவற்றின் மேல் மடித்த போர்வை. தம்பி என்னைப் பார்க்காமல் வேலிக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பேசாமல் ஏறிப் போய்விடலாம் என்று பழக்கதோசத்தில் என் கால் திரும்பியது.

அவள் மண்வெட்டியோடு வந்தாள். கேற்றைத் திறந்து அதை என்னிடம் நீட்டினாள்.

"உந்த ஒயில் மண்ணை அள்ளிக் கொண்டுபோய்ப் பின்வளவில குழி வெட்டித் தாழுங்கோ, பெரியப்பா. பிள்ளை விடிய வகுப்புக்கு நடந்து போற இடம். அள்ளி முடிச்சிட்டு உள்ள வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

பிள்ளை விடிய வகுப்புக்குப் போகும் என்று அவள் சொன்னதை நான் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். அதற்குள் அவள் பைகளில் ஒன்றைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அள்ளத் தொடங்கினேன். மேலே ஒரு கையகலம்தான் கறுப்பு. வெட்ட வெட்டக் கீழே அது அகன்றுகொண்டு போனது. சைக்கிளில் போன அயலவர் ஒருவர் காலை ஊன்றி, "என்ன அண்ணை, புதையலோ?" என்று கேட்டார். அருமையான இடம். மைக் கிடைத்தது போலத்தான். தம்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"இல்லை," என்றேன். "என்ர வாகனத்தின்ர ஒயில். விடியக்காலமை இதில நிண்டது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட வீட்டிலயும் பயத்தில லைட்டைப் போடாமத்தான் இருந்தனாங்கள்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

குனிந்துகொண்டேன். உள்ளே மணிக்கூடு அடிக்கத் தொடங்கியது. என் கை தானாகவே சாரத்தின் மடிப்புக்குள் வாகனச் சாவியைத் தேடிப் போனது. அதை மண்வெட்டிப் பிடிக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். மணி அடித்து முடிந்தது. குழியில் இன்னும் கறுப்பு இருந்தது.